பட்டிக்கென்று வளர்த்த நாய்

அந்த நாய்க்குட்டியை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பயந்துபோய் வாங்கினேன்.

கீரனூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் மினிபஸ் ரேஷன் கடையோடு திரும்பிக்கொள்ளும். அங்கிருந்து தைலமரக் காட்டை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் எங்கள் கொல்லை. இரண்டு ஏக்கர் செம்மண், ஒரு போர்வெல், தகரம் போட்ட ஆட்டுப்பட்டி, அதற்கு இருபது அடி தள்ளி வீடு. கணவர் இருபத்துநாலு வருடமாகக் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். ஆடு வளர்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம். மூன்று வெள்ளாட்டில் தொடங்கியது நாலு வருடத்தில் பதினெட்டாகியிருந்தது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் வேண்டாமென்று தடுக்கவும் இல்லை. கல்யாணமானதிலிருந்து யாரையும் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு நாள் வங்கியில் கைரேகை வைக்க வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார்கள். ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பி வரும்போது கொல்லையே சத்தமில்லாமல் இருந்தது. ஆள் காலடி கேட்டால் கத்துகிற ஆடுகள் கத்தவில்லை. பட்டியின் பின்பக்கம் கம்பிவலையைக் கிழித்து உள்ளே புகுந்திருந்தன நாய்கள். ரோட்டோரம் கோழிக்கழிவைக் கொட்ட ஆரம்பித்ததிலிருந்து தைலமரக் காட்டில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் கூட்டமாகத் திரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பசிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். ஒன்றையும் தின்னவில்லை. கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. நாலு ஆடு செத்துக் கிடந்தது. ஐந்தாவது, வயிறு கிழிந்து குடல் தொங்க மூலையில் நின்றபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வருவது செத்த நாலு இல்லை, அந்த அசை போட்ட வாய்தான். சாயந்தரம் அதுவும் போய்விட்டது.

புகார் சொல்லப் போன இடத்தில், நாயைப் பிடித்தாலும் கருத்தடை செய்து அதே இடத்தில்தான் விட வேண்டும் என்றார்கள். கணவரிடம் வீடியோகாலில் காட்டினேன். ஆடு வளர்த்துத்தான் நாம் சாப்பிட வேண்டுமா, இருப்பதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

தை அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து செம்மறி ஓட்டிக்கொண்டு கீதாரிகள் எங்கள் பக்கம் வருவார்கள். வயலில் வலை கட்டி ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள், வயலுக்கு எரு கிடைக்கும். அவர்கள் கிடைக்குள் எந்த நாயும் நுழைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த ஊர் வயலில் கிடை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் காலையில் நடந்தே போனேன். முந்நூறு செம்மறிக்கு நடுவில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

கீதாரியின் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். வலைக்கு ஓரமாக மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். அந்த நாய் ஈன்ற குட்டிகள் நாலு, செம்மறிக் குட்டிகளோடு குட்டியாகக் கூடைக்குள் கிடந்தன. ஒன்று வேண்டும் என்றேன். எத்தனை ஆடு, வீட்டில் யார் யார் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"ஒத்தையில இருக்கிற வீட்டுக்குக் குடுத்தா மடியில வச்சுத்தான் வளப்பீங்க தாயி. அது ஆட்டுக்கு ஆகாது."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் செய்ய மாட்டேன், நீங்கள் சொல்கிறபடி வளர்க்கிறேன் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னேன். அவர் சோற்றை வடித்து முடித்தார். பிறகு கடுவன் என்று அவர்கள் சொல்லும் ஆண் குட்டி ஒன்றைப் பிடரியோடு தூக்கி என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"வீட்டுக்குள்ள விடாதீங்க. தடவிக் குடுக்காதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. சோத்த ஆட்டுக்கு நடுவுல வச்சுட்டு திரும்பிப் பாக்காம வந்துருங்க. ஒங்க மேல பிரியம் வந்துருச்சுன்னா அது ஒங்க நாயி. ஆட்டு மேல வந்தாத்தான் ஆட்டு நாயி."

ஒயர் கூடையில் ஒரு சாக்கைப் போட்டு அதற்குள் உட்காரவைத்துக் கொண்டுவந்தேன். செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் கறுப்பு. வழியெல்லாம் கூடைக்குள் நடுங்கிக்கொண்டே வந்தது. இடுப்பில் இடுக்கியிருந்த கூடை வழியாக அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்தது. கண்மாய்க் கரை ஏறும்போது என் சேலையில் வாந்தி எடுத்தது. துடைத்துவிடக் கை போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

பட்டியின் ஒரு மூலையைத் தகரம் வைத்துத் தடுத்து, ஆடுகள் படுத்த சாக்கை விரித்து, குட்டியை அதில் விட்டேன். மூன்று நாள் அழுதது. சின்னப் பிள்ளை தேம்புகிற மாதிரி விட்டுவிட்டு வரும் அந்தச் சத்தம். மகள் பிறந்து நாற்பதாம் நாள் கணவர் முதல்தடவையாக விமானம் ஏறினார். அன்றைக்கும் வீட்டில் இப்படித்தான் ஒரு அழுகை, நானும் அவளும் மாற்றி மாற்றி. இப்போது டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன ஓடியது என்று தெரியாது. நாலாம் நாள் சத்தம் நின்றபோது செத்துப்போய்விட்டதோ என்று ஓடினேன். தகரத்தை எப்படியோ தாண்டி, கொம்பு முறிந்த கறுப்பு ஆட்டின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்தது. மற்ற ஆடுகள் அதை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. இந்தக் கறுப்பு ஆட்டுக்கு எழுந்துபோகச் சோம்பல். அவ்வளவுதான் காரணம். குட்டிக்கு அது போதுமாக இருந்தது.

அதன்பிறகு நான் போனால் குட்டி வாலாட்டிக்கொண்டு ஓடிவரும். நான் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பின்னாலேயே பட்டி வாசலில் இருக்கும் மூங்கில் படல் வரைக்கும் வரும். படலைச் சாத்துவேன். இரண்டு மாதத்தில் படல் வரைக்கும் வருவதை விட்டது. அப்புறம் எழுந்திருப்பதையே விட்டது. தட்டை வைக்கும்போது கண்ணைத் திறந்து பார்க்கும், அவ்வளவுதான். நான் செய்தது சரியாக நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில், கை எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரு உயிரை வேண்டுமென்றே அந்நியமாக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதத்தில் அதற்கு விளையாட்டுப் புத்தி வந்தது. ஆட்டுக்குட்டிகளைத் துரத்தும், காதைக் கடித்து இழுக்கும். ஒரு நாள் நான் கடலைக்கொடி கட்டிக்கொண்டு வரும்போது, பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு குட்டியைக் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. குட்டி எப்போதோ செத்துவிட்டது. அதற்குப் புரியவில்லை. கீழே போட்டுவிட்டு, ஏன் எழுந்திருக்க மாட்டேனென்கிறாய் என்பதுபோல மூக்கால் தள்ளிப் பார்த்தது. நான் மம்பட்டிக் காம்பை எடுத்து அடித்தேன். ரொம்பவே அடித்தேன். குடல் தொங்கிய ஆட்டுக்கும், வங்கிக்கும், குவைத்துக்கும் சேர்த்து அடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள், ரத்த ருசி கண்டுவிட்டது, இனி வைக்காதே என்றார்கள்.

கீதாரியின் மனைவிக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை. எல்லாக் குட்டியும் இந்த வயதில் அப்படித்தான், கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டி முட்டிக்குக் கீழே தொங்க விடுங்கள், ஓடினால் முட்டியில் இடிக்கும், தானாக நின்றுவிடும் என்றார். அடித்தீர்களா என்று கேட்டார். இல்லையென்று பொய் சொன்னேன்.

கட்டையோடு அது நாலு மாதம் திரிந்தது. நடக்கும்போதெல்லாம் டொக் டொக்கென்று கேட்கும். அவிழ்த்துவிட்ட நாளிலிருந்து ஒரு குட்டியையும் தொடவில்லை. குட்டிகள் அதன் முதுகில் ஏறி நிற்கும், அது அசையாமல் படுத்திருக்கும்.

இரண்டாம் வருடம் புரட்டாசியில் அந்தக் கூட்டம் மறுபடி வந்தது. காலை பத்து மணி இருக்கும். தைலமரக் காட்டோரம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, நான் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏழு நாய்கள், ஒன்றின்பின் ஒன்றாக மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தன. என் கையில் அரிவாள் இருந்தும் நான் வேலியோடு ஒட்டி நின்றேன். எங்கள் நாய் ஆடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆடுகள் எல்லாம் நெருங்கி ஒன்றாகிவிட்டன. பிறகு போய் அவற்றுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் நின்றது. கிடையில் அதன் தாய் நின்ற அதே நிலை. முதல் நாய் பாய்ந்ததும் நடந்தது எதையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. தூசியும் உறுமலும்தான். கூட்டம் காட்டுக்குள் ஓடியபோது எங்கள் நாய்க்கு வலது காதில் பாதி இல்லை, தொடையில் சதை தொங்கியது. ஒரு ஆட்டுக்கும் கீறல் இல்லை. நொண்டிக்கொண்டே ஒவ்வொரு ஆடாக மோந்து பார்த்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை மோந்து பார்க்கவில்லை.

அன்றைக்குக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். பெரிய ஆளாக இருக்கிறதே என்றார். அவர் அப்போதே திரும்பி வருகிற யோசனையில் இருந்திருக்கிறார். முதுகுவலி தாங்கவில்லை, கம்பெனியிலும் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. மார்கழியில் வந்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்வது எளிது. இருபத்தாறு வருடம் அடுத்தவர் லாரியை அடுத்தவர் சொன்ன இடத்துக்கு ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் விருந்தாளி மாதிரி வந்து போனவர். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவரைக் கேட்டு நடக்கும்படி ஒன்றும் மிச்சமில்லை. பட்டி, தீவனம், சந்தை, ஊசி எல்லாம் என் கையில். ஆட்டுவாடை வீட்டுக்குள் வருகிறது என்றார். ஒரு லோடு ஆட்டோ வாங்க வேண்டும், அதை நிறுத்தத் தகரக் கொட்டகை தோதாக இருக்கும் என்றார். நான் முடியாது என்றேன். இரண்டு மூன்று தடவை இதே பேச்சு வந்து சண்டையானது. பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நாய் அவரைக் கண்டால் உறுமும். மூன்று மாதம் ஆகியும் பட்டிக்குள் விடவில்லை. என் வீட்டில் என்னையே விரட்டுகிறது என்று ஒரு நாள் சொன்னார், விளையாட்டாகச் சொல்வதுபோல.

சித்திரையில் மகளுக்குப் பிரசவம். திருச்சிக்குப் போய் இருபத்திரண்டு நாள் இருந்தேன். தினமும் போன் செய்து ஆடுகளைப் பற்றிக் கேட்பேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, நீ பிள்ளையைப் பார் என்பார். ஒரு தடவை நாய் ஊளையிடும் சத்தம் போனில் கேட்டது. என்ன என்றேன். எங்கேயோ மைக்செட் போட்டிருக்கிறான், அதற்குக் கத்துகிறது என்றார்.

நான் திரும்பி வந்தபோது பட்டி கழுவிவிடப்பட்டிருந்தது. ப்ளீச்சிங் பவுடர் வாடை. தரையில் ஒரு புழுக்கை இல்லை. வேப்ப மரத்தில் நாயைச் சங்கிலியால் கட்டியிருந்தார். கழுத்தைச் சுற்றி முடி போய், தோல் போய், ரத்தம் காய்ந்திருந்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை. ஆட்டு வியாபாரி வண்டியோடு வந்திருக்கிறார். நாய் விடவில்லை, ஒருவர் கையைக் கடித்துவிட்டது. வலை போட்டு அமுக்கிக் கட்டிவைத்துவிட்டு ஆடுகளை ஏற்றியிருக்கிறார்கள். சாயந்தரம் அவிழ்த்துவிட்டதும் வண்டி போன வழியில் ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் நாலு காலும் தேய்ந்து ரத்தத்தோடு திரும்பி வந்ததாம். விராலிமலை போகிற ரோட்டில் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். மறுபடி ஓடக் கூடாதென்று கட்டிவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றேன்.

"சொன்னா விட்டுருப்பியா?" என்றார். "அதான்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சாதாரண விஷயத்தை விளக்குவதுபோலச் சொன்னார். நான் தடுப்பேன் என்று தெரிந்திருக்கிறது, அதனால் நான் இல்லாத நாளைப் பார்த்திருக்கிறார். பேரப்பிள்ளையின் பிறப்பு அவருக்குத் தோதான நாளாக இருந்திருக்கிறது.

நாயிடம் போனேன். இரண்டு வருடத்துக்கு மேல் பக்கத்திலேயே வளர்ந்த பிராணி. முதல்தடவையாக அதன் தலையில் வைக்கக் கையை நீட்டினேன். காதை மடித்து, கண்ணை மூடி, தரையோடு தரையாக ஒடுங்கியது. என் கை அதன்மேல் பட்டதெல்லாம் அடிக்கவும் ஊசி போடப் பிடிக்கவும்தான். வேறு எதற்காக ஒரு கை வரும் என்று அதற்குத் தெரிய வாய்ப்பே இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். சங்கிலியைக் கழற்றி, கழுத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியபோதும் அப்படியே நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது.

ஆடுகளை மீட்க முடியுமா என்று வியாபாரியிடம் விசாரித்தேன். சந்தையில் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, எது எங்கே போனதென்று தெரியாது என்றார். கீதாரியின் மனைவிக்குப் போன் செய்தேன். அப்போது அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார்கள். நாயைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வளர்ந்த கடுவனை எங்கள் நாய்கள் சேர்க்காது, கொன்றுவிடும் என்றார். பிறகு, "ஆட்ட ஏத்துறப்பவே ரெண்டு ஆட்டையாவது அதுக்குன்னு விட்டு வச்சிருக்கலாம்ல தாயி," என்றார். எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆமாம், தோன்றவில்லை என்றேன்.

வெறும் பட்டியில் பத்து நாள் படுத்திருந்தது நாய். லோடு ஆட்டோ வந்ததும் அந்த இடமும் போய்விட்டது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஹாரன் அடித்து அதை எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் காணவில்லை. நான் தேடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போய்த் தொலையட்டும், நல்லதுதான் என்று கூட ஒரு கணம் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கண்மாய்க்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவரை இழந்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பதினோரு ஆடு வைத்திருக்கிறார். எங்கள் நாய் அவர் ஆடுகளுக்குப் பின்னாலேயே திரிகிறதாம். கல்லால் அடித்தாலும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறதாம், ஆடுகள் மிரண்டு மேய மாட்டேனென்கின்றனவாம். பிடித்துக்கொண்டு போங்கள் என்றார். போய்க் கட்டி இழுத்துவந்தேன். கயிற்றைக் கடித்துவிட்டு ஓடியது. மறுபடி இழுத்துவந்தேன். மறுபடி ஓடியது. மூன்றாம் தடவை போனபோது அது அவர் பட்டிக்கு வெளியே, முள்வேலியை ஒட்டிப் படுத்திருந்தது. நெற்றியில் கல் பட்ட காயம். உள்ளே ஒரு வெள்ளாடு வேலியின் மறுபக்கம் அதை ஒட்டிப் படுத்திருந்தது.

அந்த அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, கெடந்துட்டுப் போகட்டும்," என்றார். "ஆனா என்னால அதுக்குச் சோறு போட முடியாதுங்க. எனக்கே பத்தல."

அதிலிருந்து தினமும் காலையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கண்மாயைச் சுற்றிப் போகிறேன். போக அரைமணி, வர அரைமணி. அடுத்தவர் ஆட்டுக்கு நடுவில் சோற்றை வைக்கிறேன். நான் கரை ஏறுகிற வரைக்கும் நாய் தட்டுக்கு வராது. வீட்டில் கணவர் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு தடவை மட்டும், உனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் மூன்று ஆடு வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சாப்பாடு போட்டேன். இப்போதெல்லாம் நாங்கள் சண்டை போடுவதில்லை. திருச்சிக்குப் போனாலும் அன்றைக்கே திரும்பிவிடுகிறேன். மகளுக்கு அது வருத்தம்.

போன வாரம் நான் சோறு வைத்துவிட்டுத் திரும்பும்போது அந்த அம்மா கூப்பிட்டார். முழங்கால் முடியவில்லை, ஆட்டின் பின்னால் அலைய முடியவில்லை, பக்ரீத்துக்கு நல்ல கிராக்கி இருக்கும், எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன் என்றார். அவர் ஆடு, அவர் முழங்கால்.

"குடுக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லிருங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"சொல்றேன்," என்றார். பிறகு யோசித்துவிட்டு, "எத்தன நாளைக்கு முன்னாடி சொன்னா ஒங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.